பதினொரு மணிச் சொட்டு

1

நம் சபையின் அசன விருந்து மலருக்கு எழுதித் தரும்படி ஊரிலிருந்து சபைச் செயலாளர் போன் செய்தார். மலரில் 'தூர தேசத்தில் நம்மவர்' என்று ஒரு பகுதி வருடந்தோறும் வரும். இந்த முறை அதற்கு ஆள் குறைகிறதாம். குவைத்தில் இருப்பவருக்கு நேரமில்லை. கனடாவில் இருப்பவர் பனியில் நிற்கும் போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டு எழுத்தை விட்டுவிட்டார்.

"நீயும் வெளியிலதானடே இருக்க. ரெண்டு பக்கம் எழுதேன்" என்றார்.

ஓசூர் எந்த தேசத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு நேரில் வாய் வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோது எழுந்து நின்று வியர்த்தவன் நான். எழுத்தில் மட்டும் கொஞ்சம் வாய் நீளும். அதனால் ஒப்புக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் செயலாளர் சொன்னதில் தப்பில்லை. இங்கே எங்கள் வீட்டுக்காரர் தெலுங்கில் வாடகை கேட்பார். காய்கறிக்காரம்மா கன்னடத்தில் ராயக்கோட்டைத் தக்காளியைப் புகழ்வார். கம்பெனியில் பாதி ஆங்கிலம். நான் 'அங்கன வைங்க' என்று சொன்னால் லைனில் நாலு பேர் சிரிப்பார்கள். பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாடு பார்த்தாயிற்று. ஒரு குறை, குவைத்காரரை மாதிரி யாரும் நம்மை விமான நிலையத்தில் போய் அழைத்துவருவதில்லை.

பனி, பாலைவனம் எதுவும் என்னிடம் இல்லை. எனக்கு நடந்தது ஒரு போன் சமாசாரம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

எனக்குக் கண்ணில் க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய். இப்போது குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் தெரியும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ராத்திரிதோறும் பதினொரு மணிக்கு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட வேண்டும். விட்டுப்போனால் அழுத்தம் ஏறும். ஏறினால் மிச்சமும் போகும். வேறு கணக்கு கிடையாது.

நான் வேலை செய்வது கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனி. முன்பு வயர்களின் நிறம் சரிபார்க்கும் இடத்தில் இருந்தேன். பச்சையும் நீலமும் ஒன்றாகத் தெரியத் தொடங்கியதும் நானே சொல்லி டேப் சுற்றும் இடத்துக்கு மாறிக்கொண்டேன். அதற்குக் கை போதும். 'பவர் குறைஞ்சிருச்சு' என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார்கள். இரக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அது எனக்கு முடியாத வேலை.

ஷிப்ட் மூன்று. வாரத்துக்கு ஒன்றாக மாறும். காலை ஷிப்ட் வாரத்தில் பதினொரு மணிக்குத் தூக்கத்தில் இருப்பேன், அலாரம் எழுப்பும். மதிய ஷிப்டில் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைவேன். நைட் ஷிப்டில்தான் சிக்கல். பதினொரு மணிக்கு லைனில் நிற்பேன். போன் லாக்கரில் இருக்கும். கைக்கடிகாரம் உள்ளே கூடாது. சுவர்க் கடிகாரம் எனக்குச் சுவரோடு சுவர். வீட்டிலேயே முன்கூட்டி விட்டுவிட்டு வரலாமே என்பீர்கள். மருந்து விட்டால் அரை மணி நேரம் எல்லாம் மங்கும். மங்கின கண்ணோடு பெங்களூர் ரோட்டைக் கடந்து கம்பெனி பஸ் பிடிப்பவனுக்கு அதற்குப் பிறகு சொட்டு மருந்தே தேவைப்படாது.

ஆகவே நைட் ஷிப்டில் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வரும்போது, லாக்கரைத் திறந்து மருந்தை விடுவேன். அதை நினைவு வைத்துக்கொள்ள ஒரு ஆப் தேடினேன்.

3

என் போன் பேசும். விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பெண் குரல் தமிழில் படித்துச் சொல்லும். ஒரு தட்டு தட்டினால் பெயர், இரண்டு தட்டினால் திறக்கும். இது போனோடு வந்த வசதி, யாரும் எனக்குத் தானம் செய்ததில்லை. ஆனால் ஆப் செய்கிறவர்கள் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதி வைத்தால்தான் அந்தப் பெண் படிப்பாள். எழுதாவிட்டால் 'பட்டன்' என்பாள். பக்கத்தில் தொட்டால் மறுபடி 'பட்டன்'. அதற்கும் பக்கத்தில் 'பட்டன்'. வாசலில் பெயர் எழுதாத தெருவில் முகவரி தேடுகிற கதை.

நான் பார்த்த முதல் ஆப் என்னைச் சாம்பியன் என்று கூப்பிட்டது. எந்தப் போட்டியில் என்று சொல்லவில்லை. நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டது. எந்த வாரத்தில் என்று திருப்பிக் கேட்க அதில் இடமில்லை. எழுந்ததும் தண்ணீர் குடி, மூச்சை இழு, நன்றியோடு இரு என்று வரிசையாகப் புத்தி சொன்னது. மருந்து என்று ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாது. உலகத்தில் எல்லோரும் ஏழு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து குருவி சத்தம் கேட்பவர்கள் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். அதைச் செய்தவரை ஒரு வாரம் எங்கள் நைட் ஷிப்டில் நிறுத்தினால் நன்றியோடு இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்வார்.

இன்னொன்றில், ஒழுங்காக இருந்தால் ஒரு மரம் வளருமாம், தவறினால் வாடுமாம். என் மரம் வளர்ந்ததா வாடியதா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. போன்காரி 'படம்' என்றாள், அவ்வளவுதான்.

மற்றொன்று என்னை உள்ளே விடும் முன் நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. சிக்னல் விளக்கு இருக்கும் படங்களைத் தொட வேண்டும். தொட முடியவில்லை. ஆகவே நான் இயந்திரம் என்று முடிவாயிற்று.

நாலாவதில் மணி அடிக்கும் நேரம் பார்த்து ஒரு விளம்பரம் முழுத் திரையில் வந்து உட்காரும். அதை மூடும் குறி எங்கோ ஒரு மூலையில் இருக்கிறதாம், பெயரில்லாமல். சீட்டு விளையாட வரும்படி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இதைப் பற்றி அவர்களுக்கு எழுதிப் போட்டேன். மேலான கருத்துக்கு நன்றி என்றும், பிரச்சினை எந்த இடத்தில் என்று படம் எடுத்து வட்டம் போட்டு அனுப்பும்படியும் பதில் வந்தது. கண் தெரியவில்லை என்று எழுதினவனிடம் வட்டம் போடச் சொல்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

4

இதற்கு நடுவே மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் பஸ்ஸுக்கு உதவும் என்று எஸ்தர் சொன்னாள். எஸ்தர் என் மனைவி, நம் மேலத் தெருக்காரிதான். அட்டைக்காகக் கிருஷ்ணகிரியில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தா தெரியலயே?" என்றார்.

"அவுகளுக்கும் அதே கம்ப்ளெய்ண்ட்தான் சார்" என்றாள் எஸ்தர்.

அவர் சிரிக்கவில்லை. போனுக்கு ஓர் எண் வரும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. போன்காரியே முழுச் சத்தத்தில் எண்ணைப் படித்து, 'இது ரகசிய எண், யாரிடமும் பகிர வேண்டாம்' என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அறிவித்தாள். பின்னால் நின்ற ஒருவர் பொறுப்பாக, "பகிர மாட்டோம், போங்க" என்றார். எனக்குக் காது வரை சுட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோதும் இதுதான் நடந்தது. எஸ்தர் அவள் அக்காவிடம் மட்டும் சொன்னாளாம். மறுநாள் ஆராதனையில் போதகர் ஐயர் மைக்கில் என் பெயரையும் வீட்டுப் பெயரையும் சொல்லி, என் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக ஜெபம் செய்தார். வெளியே வந்ததும் ஆளுக்கொரு மூலிகை சொன்னீர்கள். ஒருவர் என் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி, இது எத்தனை என்று கேட்டார். ஜெபத்துக்கு நன்றி. விரலுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் மருந்து எனக்கும் போனுக்கும் நடுவே இருக்கட்டும். மூன்றாவது ஆளுக்குத் தெரிய வேண்டாம்.

5

மகள் ஜெனி பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறாள். எலக்ட்ரானிக் சிட்டி இங்கிருந்து பக்கம்தான், ஆனால் அவளுக்கு ஓசூர் ரொம்பத் தூரம். தோழிகளோடு ஹாஸ்டலில் இருக்கிறாள். அவர்களோடு கன்னடத்தில் சிரிக்கிறாள், ஆங்கிலத்தில் கோபப்படுகிறாள். தமிழை எங்களுக்காக வைத்திருக்கிறாள், விருந்தாளிக்கு எடுக்கும் தட்டு மாதிரி.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாசத்தை லிங்க்காக அனுப்புகிறார்கள். எனக்குக் கண் போகிறது என்று தெரிந்ததும் ஜெனி ஏழெட்டு லிங்க் அனுப்பினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒரு மருந்து ஆப்பை அவளே போட்டுக் கொடுத்தாள்.

"இட்ஸ் சோ சிம்பிள்ப்பா. பதினோரு மணிக்கு அடிக்கும். மருந்து போட்டதும் ரெண்டு தட்டு தட்டுங்க, பச்சையாயிடும். அன்னிக்கு மறுபடி அடிக்காது."

"பச்சையாச்சுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"அது 'முடிந்தது'ன்னு சொல்லும்ப்பா."

சொன்னது. அதில் எல்லாப் பட்டனுக்கும் பெயர் இருந்தது, விளம்பரம் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். அவள் சாப்பிடாமல் கிளம்பியதைக்கூட அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை.

6

சில மாதம் கழித்து டாக்டர் அழுத்தத்தை அளந்துவிட்டு இரண்டாவது முறையும் அளந்தார்.

"மருந்து விடுறீங்களா?"

"விடுறேன் சார்." போனைத் திறந்து நீட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஒரு நாள்கூடப் பாக்கியில்ல, எல்லாம் பச்சை. ஆனா கண்ல பிரஷர் ஏறியிருக்கு. நான் எதை நம்பட்டும்?"

ஓரப் பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கிவிட்டது என்றார். இப்படியே போனால் நடுவில் இருப்பதற்கும் அவர் பொறுப்பில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் மருந்துப் பாட்டிலைக் காதருகில் வைத்துக் குலுக்கினாள்.

"அத்தான், இது இந்நேரம் தீந்திருக்கணும்லா? இன்னும் கெடக்கே."

"போன்ல எல்லா நாளும் இருக்கு."

"போன்ல இருந்தா போனு கண்ணு நல்லாருக்கும். உங்க கண்ணுல விழணும்லா? நைட் ஷிப்டுல என்ன செய்திய, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. எங்கள் கம்பெனியில் நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு வரை. திங்கள் இரவு உள்ளே போனால் விடியும் வரை அது திங்கள் ஷிப்ட். சம்பளம், வருகை, எல்லாம் அப்படித்தான். இத்தனை வருடத்தில் என் மண்டையிலும் நாள் அப்படியே பதிந்துவிட்டது. நள்ளிரவு தாண்டி இடைவேளையில் நான் விட்டது என் கணக்கில் திங்களின் மருந்து. போனுக்குப் பன்னிரண்டு அடித்ததுமே செவ்வாய். நான் தட்டியதும் பாக்கியிருந்த திங்களையும் பிறந்துவிட்ட செவ்வாயையும் அது சேர்த்தே பச்சையாக்கிவிட்டது. அதனால் செவ்வாய் இரவு பதினொன்றுக்கு அது அடிக்கவே இல்லை. இடைவேளையில் லாக்கரைத் திறந்து பார்த்தால் அடித்த அடையாளம் இருக்காது. பகலில் தூங்கி இரவில் உழைப்பவனுக்குக் கடைசியாக மருந்து விட்டது இன்றா நேற்றா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அடிக்கவில்லை என்றால் விட்டாயிற்று என்று அர்த்தம் என்று சாப்பிடப் போய்விடுவேன். மறுநாள் மறுபடி அடிக்கும், மறுபடி நள்ளிரவு தாண்டி மருந்து விடுவேன், மறுபடி ஒரு நாள் கொள்ளை போகும். ஒவ்வொரு நைட் ஷிப்ட் வாரத்திலும் இப்படி ஒன்று விட்டு ஒரு நாள். விட்டுப்போன நாளும் போனில் பச்சைக்கு நடுவே பச்சையாக மறைந்துகொண்டது.

ஜெனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். தேதி தேதியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பட் அப்பா, ஆப் கரெக்டாத்தான் ஒர்க் பண்ணிருக்கு" என்றாள்.

"ஆமாம்மா. அதுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன்.

7

டாக்டர் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. இடைவேளை, நள்ளிரவு எதுவும் கூடாது, பதினொன்று என்றால் பதினொன்று. அப்படியானால் நைட் ஷிப்டிலும் போன் லைனில் இருந்தாக வேண்டும். கம்பெனியில் அனுமதி கேட்க வேண்டியது நான். அதற்குக் கண் போவதே மேல் என்றுகூட ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

லைன் லீடர் முனிரத்தினம் அஞ்செட்டிப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு. அவரிடம் முதன்முதலாக முழுதும் சொன்னேன்.

"இத்தினி நாளு சொல்லாம இன்னாண்ணா பண்ணிக்கினு இருந்த? நான் உனக்குத் திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எதிர்ல வந்து சிரிச்சாக்கூடச் சிரிக்க மாட்டியே" என்றார்.

அடுத்த காலை ஷிப்ட் முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு எச்.ஆர். அறைக்குப் போனார். அறை என்றால் பெரிய ஹால். இருபது முப்பது பேர் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள், ஒரு சத்தம் இருக்காது. அங்கிருந்த மேடத்துக்கு ஜெனியின் வயதுதான் இருக்கும். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அதாவது முனிரத்தினம் சொன்னதைக் கேட்டார்.

"ஸோ சாட். பட் போன் பாலிசி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். எக்ஸப்ஷன் வேணும்னா நம்ம எம்ப்ளாயி ஆப் இருக்கில்ல, அதுல ரிக்வஸ்ட் ரெய்ஸ் பண்ணுங்க. ரொம்ப ஈஸி."

"எனக்கு அதுல..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"எல்லாருமே யூஸ் பண்றாங்களே சார்?"

முனிரத்தினம் வாயைத் திறக்கப் போனார். எனக்கு என்ன தோன்றியதோ, போனை எடுத்து, கம்பெனி ஆப்பைத் திறந்து, சத்தத்தை முழுதும் ஏற்றி மேஜைமேல் வைத்தேன். விரலை மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தேன்.

'பட்டன்' என்றாள் போன்காரி. 'பட்டன். பட்டன். படம். பட்டன்.'

ஹாலில் தட்டச்சு நின்றது. நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்டது. வியர்த்தது, ஆனால் விரலை எடுக்கவில்லை. 'பட்டன். பட்டன்.'

"சார், ப்ளீஸ், அதை ஆஃப் பண்ணுங்க."

"எது மேடம் ஆஃப் பட்டன்? நானும் அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். முனிரத்தினம் மறைக்கவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தார். மேடம் போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். உள்ளேயிருந்தும் இரண்டு 'பட்டன்' கேட்டது. பெரிய அதிகாரியின் குரல், "என்னம்மா இது, யார் பேசறது?" என்றது.

திரும்பி வந்தபோது கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. போன் முனிரத்தினத்தின் மேஜைமேல் இருக்கலாம். மணி அடித்தால் நான் ஐந்து நிமிடம் வெளியே போகலாம். அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் என் கண்ணில் ஒரு பங்கு போயிற்று.

8

இப்போது வைத்திருப்பது வேறொரு ஆப். யாரோ கண் தெரியாத ஒருவரே செய்தது போலிருக்கிறது. நாலே பட்டன், நாலுக்கும் பெயர் உண்டு. மரம் கிடையாது, புத்திமதி கிடையாது. விட்டது எத்தனை மணிக்கு என்று கேட்டால் மணியைச் சொல்லும். ஜெனி பார்த்துவிட்டு, "ரொம்ப அசிங்கமா இருக்குப்பா" என்றாள். அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றேன். அவள் சிரித்தாள். தமிழில்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

நைட் ஷிப்டில் பதினொரு மணிக்குப் போன்காரி லைன் முழுக்கக் கேட்கும்படி 'மருந்து நேரம்' என்கிறாள். "ண்ணா, சின்ன அண்ணி கூப்புடுது" என்கிறார் முனிரத்தினம். கன்னடக்காரப் பையன்களும் 'அண்ணி, அண்ணி' என்கிறார்கள். எஸ்தரிடம் சொன்னேன். "அந்தச் சின்னவ கம்பெனியோட நிக்கட்டும், வீட்டு வாசப்படி ஏறுனா தெரியும்" என்றாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்தவனுக்கு இதுதான் கிடைத்தது. மூலிகை சொன்னவர்கள் இங்கேயும் உண்டு.

போன வாரம் டாக்டர் அளந்தார். இறங்கியிருக்கிறது, இப்படியே காப்பாற்றுங்கள் என்றார்.

இதற்கிடையில் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. மேடம் போட்டோக்காரரோடு லைனுக்கு வந்து, என் கையில் போனைக் கொடுத்து, முகத்துக்கு நேரே பளிச்சென்று படம் எடுத்தார்கள். அது இப்போது கேண்டீன் வாசலில் பெரிதாகத் தொங்குகிறது. எல்லோருக்கும் ஏற்ற கம்பெனி என்று கீழே எழுதியிருக்கிறதாம். அவர்களுடைய ஆப்பில் பட்டன்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

படத்தில் நான் ரொம்ப அழகாகச் சிரிக்கிறேன் என்று முனிரத்தினம் சொல்கிறார். நான் சிரிக்கவில்லை. அந்த வெளிச்சம் கண்ணில் ஊசியாக ஏறியது, முகம் கோணிவிட்டது. அதை நான் அவரிடம் திருத்தவில்லை. கூசுவதற்குக் கண்ணில் இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறதே, அதுவரைக்கும் சரி.